பார்க்கிறவர்கள் பேசவேண்டாமா?

சின்னமனூர் படிப்பகத்தில் சென்ற வாரம் நமது தோழர்களுக்குள் பலத்த வாதம் ஒன்று நடந்தது. சினிமாவையும் டெலிவிஷனையும் பற்றித்தான். ஒரு தோழர், "இந்தப் பெட்டி வந்த பிறகுதான் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது, இதை வீட்டை விட்டுத் தூக்கி எறிந்தாலொழிய நம் ஜனங்களுக்குப் புத்தி வராது" என்றார். இன்னொரு தோழர், "நாள் பூராவும் உழைத்துவிட்டு வருகிறவன் கொஞ்சநேரம் சிரித்துவிட்டுப் படுக்கிறான், அங்கேயும் போய்ப் பகுத்தறிவைத் தேடினால் மனிதன் எங்கேதான் இளைப்பாறுவது?" என்றார். வாதம் முற்றிப்போய், இரு கட்சியாரும் நமது அபிப்பிராயத்தைத் தலையங்கமாக எழுதவேண்டுமென்று கேட்டுக் கொண்டார்கள். ஆகவே எழுதுகின்றோம்.

நாம் கலை சாஸ்திரம் படித்தவரல்ல. காமிராவை எந்தப் பக்கம் வைத்தால் என்ன பெயர் என்பது நமக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்ததும் கொஞ்சந்தான். ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்புக் கூடினது தெரியுமல்லவா? அந்த யோக்கியதையோடுதான் பேசுகின்றோம். இதற்குமேல் யோக்கியதை வேண்டுமென்று யாராவது சொல்லுவார்களானால், டிக்கட்டுக்குக் காசு வாங்கும்போது அந்த யோக்கியதையைக் கேட்டார்களா என்று நாம் கேட்கின்றோம்.

முதலில் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லும் தோழருக்குப் பதில் சொல்லுவோம். பெட்டி இன்று பணக்காரன் வீட்டுச் சாமானல்ல. 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டு அரசாங்கமே ஏழை வீடுகளுக்குக் கலர் டி.வி.யை இலவசமாகக் கொடுத்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதன் பிறகு ஓட்டு வீடென்றும் கூரை வீடென்றும் பாராமல் பெட்டி எங்கும் போய் உட்கார்ந்துவிட்டது. நமது பள்ளத்தாக்கில் பெண்மக்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறார்கள். அப்படிப் போய்வரும் நமது தெருத் தாய் ஒருவரிடம், "ஏம்மா இந்த நாடகத்தையெல்லாம் பார்த்து அழுகிறாய்?" என்று நாம் ஒருநாள் கேட்டுவிட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகின்றோம்: "அண்ணே, நீங்க மேடை போட்டுப் பேசிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வாரீக. எங்களுக்கு எந்த மேடைண்ணே இருக்கு? இந்தப் பெட்டி ஒண்ணுதான் எங்க வீட்டுக்குள்ள வந்து எங்ககிட்டப் பேசுது."

இந்தப் பதிலுக்கு நம்மிடம் மறுபதில் இல்லை. அதைப்பற்றிக் கடைசியில் சொல்லுவோம்.

இனி "வெறும் பொழுதுபோக்குத்தானே" என்கிற தோழருக்கு. வெறும் பொழுதுபோக்கு என்பது வாஸ்தவமானால், 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது, நாட்டின் பல பாகங்களிலும் ஜனங்கள் குளித்து முழுகிப் பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்களே, அது என்ன பொழுதுபோக்கு? பொம்மலாட்டம் பார்க்கிறவன் பொம்மைக்குத் தேங்காய் உடைப்பதுண்டா? ராமன் வேஷம் போட்ட நடிகர் போன இடமெல்லாம் காலில் விழுந்தார்களே, அது எந்த இளைப்பாறுதலில் சேர்ந்தது? இதெல்லாம் போகட்டும். சோப்புக் கம்பெனிக்காரன் அரை நிமிஷ விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் ஏன் கொட்டுகிறான்? பார்த்தது மனத்தில் ஒட்டும், ஒட்டினது மறுநாள் கடையில் கையை நீட்டச் செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். பார்த்த சோப்பு மனத்தில் ஒட்டுமானால், பார்த்த ஜாதியும், பார்த்த பேயும், பார்த்த மாமியார் அடியும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுமா?

நிற்க, இந்த நாடகங்களின் ஆயுளை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதையும் நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "ரேட்டிங்" என்று ஒரு கணக்கு வாராவாரம் வருகின்றது. இந்தியாவில் டி.வி. உள்ள வீடுகள் 20 கோடிக்கு மேல். அவற்றில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கருவியை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சானலின் சத்தத்திலும் காதுக்குக் கேளாத அடையாளம் ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். கருவி அதைக் கேட்டு, இன்ன நேரத்தில் இன்ன சானல் ஓடிற்று என்று குறித்துக்கொள்ளுகிறது. வீட்டில் யார் யார் பார்த்தார்கள் என்பதைப் பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். ஏறக்குறைய நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு என்று இந்தக் கணக்கு ஆகின்றது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நியாயமான முறையே; அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருவிக்குத் தெரிவது பெட்டி ஓடினது ஒன்றுதான். பார்த்தவள் மெச்சினாளா, வைதுகொண்டே பார்த்தாளா, பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாளா என்பது அதற்குத் தெரியாது. அதாவது, நமக்குக் கண் இருப்பதை எண்ணுகிறார்களே தவிர, வாய் இருப்பதை எண்ணவில்லை. இந்தத் தலையங்கத்தின் சங்கதியெல்லாம் இவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு வாயும் உண்டு. அதைத் திறக்கவேண்டும் என்பதே நமது கட்சி.

வாயைத் திறப்பதென்றால் வைவது என்று அர்த்தமல்ல. அளவுகோல் ஒன்று வேண்டும். நாம் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். முதலாவது, கதையில் வரும் கஷ்டம் எதனால் வந்ததென்று காட்டுகிறார்கள், எதனால் தீர்ந்ததென்று காட்டுகிறார்கள்? இரண்டாவது, பெண்ணுக்கு அதில் அறிவும் உரிமையும் உண்டா, அழுகை மட்டுந்தானா? மூன்றாவது, ஜாதியையும் கூலியையும் உள்ளபடி காட்டுகிறார்களா, திரை போட்டு மூடுகிறார்களா? பார்த்து முடித்தவன் எழுந்து போகும்போது ஒரு கேள்வியோடு போகிறானா, ஒரு கும்பிடோடு போகிறானா என்பதுதான் மூன்றுக்கும் முடிவு.

இந்த அளவுகோலைக் கொண்டு நமது ஜில்லா சம்மந்தமான மூன்று படங்களை முதலில் அளப்போம்.

தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1987-இல் எடுத்த "வேதம் புதிது" ஒன்று. அதில் அனாதையான ஒரு பார்ப்பனச் சிறுவன், தன்னை ஆதரிக்கும் பாலுத் தேவரைப் பார்த்து, பெயருக்குப் பின்னால் இருக்கும் தேவர் என்பது படித்து வாங்கிய பட்டமா என்கிற பாவனையில் ஒரு கேள்வி கேட்கிறான். பெரியவருக்குச் சவுக்கால் அடித்தது போல் ஆகின்றது. இந்த இடத்தை நாம் மெச்சுவதற்குக் காரணம் உண்டு. மேல்ஜாதிக்காரனைப் பார்த்து "நீ எப்படி உயர்ந்தவன்?" என்று கேட்பது நமக்குச் சுலபம், கை தட்டலும் கிடைக்கும். "உனக்குக் கீழே ஒருவனை ஏன் வைத்திருக்கிறாய்?" என்ற கேள்வி நம்மை நோக்கி வரும்போதுதான் நமது யோக்கியதை வெளியாகும். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக்கூடாதென்று தீர்மானம் ஆயிற்று. அதற்கு 58 வருஷங்களுக்குப் பிறகு அந்தத் தீர்மானத்தை ஒரு சினிமாச் சிறுவன் ஒரே வாக்கியத்தில் கேள்வியாகக் கேட்டுவிட்டான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துக் கை தட்டினவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். பட்டம் இன்னும் போகவில்லை. குறை படத்தினுடையதல்ல.

இரண்டாவது "அழகர்சாமியின் குதிரை". நமது ஜில்லாக்காரரான பாஸ்கர் சக்தியின் கதை. சுசீந்திரன் 2011-இல் படமாக எடுத்தார். மழையில்லாத கிராமம், திருவிழா எடுத்தால்தான் மழை என்று நம்பிக்கை, திருவிழாவுக்கு வேண்டிய மரக்குதிரையைக் காணவில்லை. வழி தவறி உயிருள்ள குதிரை ஒன்று வந்து சேர்ந்தவுடனே, மரக்குதிரையே உயிர் பெற்று வந்துவிட்டதென்று ஊரார் பிடித்துக் கட்டிவைக்கிறார்கள். அந்தக் குதிரையை நம்பிப் பிழைக்கும் ஏழை ஒருவன் வந்து "இது என் குதிரை" என்று அழுதால் அடிக்கிறார்கள். கடைசியில், ஊர்ப் பெரியதனக்காரரின் மகன் தாழ்ந்த ஜாதிப் பெண்ணை மணந்துகொள்ள, இனி இந்த ஊரில் மழையே பெய்யாது என்று பெரியவர் சாபமிடுகிறார். அப்போதுதான் மழை கொட்டுகின்றது! ஜனங்கள் கொட்டகையில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். நாம் நூறு மேடையில் தொண்டை வறளப் பேசி விளக்க முயல்வதை, ஒருவர் மனமும் புண்படாமல் ஒரு மழையில் விளக்கிவிட்டார்கள். மத்திய சர்க்கார் தேசிய விருதும் கொடுத்தது. பிரசாரம் என்றால் முறைத்துக்கொண்டுதான் செய்யவேண்டும் என்று நினைக்கும் நமது தோழர்கள் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது. நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம்.

மூன்றாவது, 2018 ஆகஸ்டில் வந்த "மேற்குத் தொடர்ச்சி மலை". லெனின் பாரதி டைரக்டர். தயாரித்தவர் விஜய் சேதுபதி. தயாரித்தாரே தவிர தம் முகத்தை அதில் காட்டிக்கொள்ளவில்லை. மலைக்கும் அடிவாரத்துக்கும் ஏலமூட்டை சுமக்கும் ஒருவன் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். காசு சேர்த்துச் சேர்த்துக் கைக்கெட்டுவது வாய்க்கெட்டாமல் போகின்றது. சுமந்துவந்த மூட்டை மலைச்சரிவில் சிதறிப்போகும் இடத்தில் கொட்டகையில் யாரும் பேசவில்லை. ஏனெனில் அந்த மூட்டையின் பாரம் நம்மில் பலருடைய தகப்பனார் தோளில் இருந்த பாரம். கடைசியில் நிலமும் போய், காற்றாலைக் கம்பெனியின் காவல்காரனாக அவன் நிற்கும் இடம் அவன் உழுத நிலமே. இவனுடைய கஷ்டத்துக்கு முற்பிறப்பு வினை என்றோ, கிரகக் கோளாறு என்றோ ஒரு வார்த்தை கிடையாது. கடன், விலை, கம்பெனி என்று காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். இதைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பாடம் வேறென்ன வேண்டும்? ஆனால் பெரிய நட்சத்திரத்தின் படம் வெளியாகும் அன்று விடிய விடியக் காத்திருந்து, கட்-அவுட்டுக்குக் குடம் குடமாய்ப் பால் ஊற்றும் வாலிபர்கள், தங்கள் தாய் தகப்பன் கதைக்கு ஒரு டிக்கட் வாங்க யோசித்தார்கள். கல்லுக்குப் பால் ஊற்றுவதைக் கேலி செய்த நாட்டில் அட்டைக்குப் பால் ஊற்றுவதை என்னவென்று சொல்லுவது? குழந்தைக்குப் பால் வாங்க முடியாத வீடு அதே தெருவில்தான் இருக்கின்றது.

இனி வீட்டுக்குள் வரும் நாடகங்களைப் பார்ப்போம்.

புராண நாடகங்களைப்பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நமது சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேட்டிலேயே, மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர்களின் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜா செலவில் நடந்தது இன்று சோப்பு, எண்ணெய் செலவில் நடக்கின்றது. கதையைக் கதையாகக் காட்டினால் நமக்குச் சண்டையில்லை. சூதாட்டத்தில் பெண்டாட்டியைப் பந்தயம் வைத்தவன் எப்படித் தருமன் ஆவான் என்று பார்க்கிற பெண் கேட்கிறாளா என்பதே நமது கேள்வி. கேட்கிறாள், அடுப்படியில் நின்று நமது காது கேட்கவே கேட்டிருக்கிறாள். நாம்தான் அதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசவில்லை.

பாம்பு நாடகங்கள் வேறு விதம். 2017-இல் சன் டி.வி.யில் "நந்தினி" என்று வந்தது. பாம்பு பெண்ணாகிப் பழி வாங்குகிறது. ராத்திரியில் குழந்தைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது; மகுடி ஊதுகிறவனின் கை ஆட்டத்துக்குத்தான் அது தலை ஆட்டுகிறது; ஆளை நினைவு வைத்துப் பழி தீர்க்கும் மூளை அதற்கு இல்லை. இதெல்லாம் சிறுபிள்ளைப் பாடப் புஸ்தகத்தில் இருக்கின்றது. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் சங்கதியல்ல. 2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்கு 58,000. அதிகம் பேர் கிராமத்தார். நமது நெல் வயலிலும் வாழைத் தோப்பிலும் திராட்சைப் பந்தலடியிலும் கால் வைக்கிறவர்கள்தான் அந்தக் கணக்கில் வருகிறவர்கள். கடிபட்டவனை விஷமுறிவு மருந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோனால் பிழைக்கலாம். மந்திரிக்கவும் வேப்பிலை அடிக்கவும் பாம்புக் கல் வைக்கவும் போனால், போகிற நேரத்தில் உயிரும் சேர்ந்து போகும். பாம்பு தெய்வக் கோபத்தால் கடிக்கிறதென்று வருஷக்கணக்காய்ப் பார்த்துப் பழகின கண், நடுநிசியில் ஆஸ்பத்திரி வாசலைத் தேடுமா, கோடாங்கி வாசலைத் தேடுமா?

அந்த மருந்து எப்படி உண்டாகிறதென்று ஒரு நாடகம் உண்டா? செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கின்றது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நாட்டுக்கு வேண்டிய மருந்தில் பெரும்பங்கு செய்யப்படுகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. எவரை ஊருக்கு வெளியே நிறுத்தினோமோ அவர் கை எடுத்த விஷம் ஊருக்குள் இருப்பவன் உயிரைக் காக்கிறது. இதைவிட ருசிகரமான பாம்புக் கதை எந்த எழுத்தாளர் மூளையில் உதித்தது? இருளர் படும் பாட்டை 2021-இல் "ஜெய் பீம்" படம் காட்டியபோது, ஊர் ஊராய் ஜனங்கள் பேசினார்கள். அதிலும் புருஷனை இழந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு வழி பிறந்தது வரத்தாலல்ல. வக்கீலும் சட்டமும் அவளுடைய விடாத நடையும் சேர்ந்து பிறந்த வழி அது. உண்மையைக் காட்டினால் ஜனங்கள் பார்க்கமாட்டார்கள் என்பது சானல்காரர்கள் கட்டிவிட்ட புரளியே தவிர வேறல்ல.

குடும்ப நாடகங்களில் 2002 முதல் 2005 வரை ஓடிய "மெட்டி ஒலி"யை நமது பெண்மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன். மாமியார் வீட்டில் ஒவ்வொருத்தி படும் பாடு. உள்ள கஷ்டத்தை உள்ளபடி காட்டியதால் ஒவ்வொரு வீடும் அதைத் தன் வீடாக நினைத்தது. அது அதன் பலம். ஆனால் பொறுத்துப் போனவளே நல்லவள் என்ற எண்ணத்தையே பார்த்தவர்கள் மனத்தில் அது மேலும் இறுக்கிவிட்டதென்று நாம் நினைக்கின்றோம். பொறுமை புருஷனுக்கும் மாமியாருக்கும் வேண்டாத சரக்கா?

அதற்கு இருபது வருஷத்துக்குப் பிறகு வந்த "எதிர்நீச்சல்" ஒரு படி மேல் என்பது நமது அபிப்பிராயம். 2022 முதல் 2024 வரை ஓடிற்று. படித்த மருமகள்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் ஆதி குணசேகரன். அந்தப் பூட்டை உடைக்கப் போராடும் பெண்கள். வீட்டில் ஆண்களின் அதிகாரத்தைப் பெண்கள் கேட்கத் துணிந்த நாடகம் அது. ஆயினும் ஒரு குறை சொல்லாமலிருக்க முடியாது. அந்தக் குணசேகரனின் அதட்டலையும் மிடுக்கையும் நமது வாலிபர்கள் ரசித்து, அதே அதட்டலை வீட்டில் தங்கைமார்மேல் பழகிப் பார்த்தார்கள். அநியாயக்காரன் கதாநாயகனைவிட அழகாய்ப் பேசினால், சிரிப்பில் அநியாயம் மறந்துபோகும். எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பார்க்கிறவர்கள் அதைவிட அதிகம் கவனிக்கவேண்டும்.

அந்த வேஷம் போட்டவர் வேறு யாருமல்ல. நமது ஜில்லா வருசநாட்டுப் பகுதியில் பிறந்த மாரிமுத்து. பெட்டிக்குள் ஆணாதிக்கக்காரராய் நடித்தவர், பெட்டிக்கு உள்ளேயே வேறொரு காரியமும் செய்தார். 2023-இல் ஜீ தமிழ் சானலின் "தமிழா தமிழா" விவாதத்தில் சோதிடர்களை எதிரில் வைத்துக்கொண்டு, சோதிடம் பொய் என்று பச்சையாக வாதாடினார். நாம் ஒரு வருஷம் பத்திரிகை போட்டாலும் சேராத அத்தனை காதுகளுக்கு ஒரே நாளில் அந்த வாதம் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி அவர் மாரடைப்பால் இறந்துபோனார். உடனே, சோதிடத்தைப் பழித்ததால்தான் போனார் என்று வாய் கூசாமல் பேசினவர்களும் உண்டு. உலகத்தில் வேறெந்த வியாதியையும்விட இருதய வியாதியால்தான் அதிகம் பேர் சாகிறார்கள். அவர்களெல்லாரும் சோதிடரோடு வாதாடினவர்களா? நல்ல நேரம் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பின சோதிடர் யாரும் மாரடைப்பால் சாவதில்லையா? செத்தவர் திரும்பி வந்து பதில் சொல்ல முடியாதென்ற தைரியத்தில் பேசுவது எந்தச் சாஸ்திரத்தைச் சேர்ந்தது?

பொழுது விடிந்தால் பல சானல்களில் ராசிபலன்தான். நமக்குப் பக்கத்திலேயே குச்சனூர்ச் சனீஸ்வரன் கோவில் இருக்கின்றது. ஆடிச் சனிக்கிழமைகளில் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். கும்பிடுகிறவர்களைக் கேலி செய்வது நமது நோக்கமல்ல. சனிப் பெயர்ச்சி என்று பெட்டியில் பயமுறுத்துகிறார்களே, அந்தச் சங்கதியை மட்டும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுகின்றோம். சனி என்பது சூரியனுக்குச் சுமார் 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் கிரகம். ஒரு சுற்றுக்கு 29½ வருஷம். ஆகாயத்தைப் பன்னிரண்டு பங்காய்ப் பிரித்துக்கொண்டால் ஒரு பங்கைக் கடக்கச் சுமார் 2½ வருஷம். பெயர்ச்சி என்பது இந்த வகுத்தல் கணக்கு; அதற்குமேல் ஒன்றுமில்லை. 1610-இல் கலிலியோ அதைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்த்தார். 1659-இல் ஹைகன்ஸ் அதைச் சுற்றி வளையம் இருப்பதாக எழுதினார். 2004-இல் காசினி என்ற யந்திரம் அங்கே போய்ச் சேர்ந்து, 13 வருஷம் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து அனுப்பி, 2017 செப்டம்பர் 15-ந் தேதி சனியின் உடம்புக்குள்ளேயே விழுந்து எரிந்தது. அனுப்பினவர்களுக்கு ஏழரை பிடித்ததாகத் தகவல் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சு 29-ந் தேதி சனி கும்பத்தைவிட்டு மீனத்துக்குப் போய்விட்டது. டி.வி.க்காரர்கள் பரிகாரம் சொல்லி ஓய்ந்துபோனார்கள். ஆனால் திருநள்ளாறு கோவிலார், தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கப்படி நடப்பதாகவும், பெயர்ச்சி 2026-இல்தான் என்றும் அறிவித்தார்கள். ஒரே சனி, புறப்பட்ட தேதி இரண்டு, நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம்! ரயில் வண்டி ஒரு வருஷம் முன்னே பின்னே புறப்படுமென்றால் எவனாவது டிக்கட் வாங்குவானா? அந்த நடு வருஷத்தில் பரிகாரத்துக்குச் செலவழித்தவன் எந்தச் சனிக்குச் செலவழித்தான் என்பதைச் சானல்காரர்களே சொல்லட்டும்.

செய்தியைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மே 27-ந் தேதி அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் ஊருக்குள் வந்தது. ஊரில் 144 தடை போட்டார்கள். ஜூன் 5-ந் தேதி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் பெட்டியைத் திறந்தால் யானை ஓடிற்று, யானை நின்றது, யானை திரும்பிற்று என்பதுதான். எந்த ரோடு மூடியிருக்கிறது, கூலி போன தோட்டத் தொழிலாளிக்கு என்ன வழி, யானை போகும் பாதை எப்படி அடைபட்டது என்பவற்றைக் காட்டினதைவிட, ஓட்டத்தைத்தான் அதிகம் காட்டினார்கள். நமது பள்ளத்தாக்கு ஒரு வாரம் நாட்டுக்கெல்லாம் சர்க்கஸ் கூடாரமாயிற்று.

இவ்வளவும் எழுதினதைப் பார்த்து, இவற்றையெல்லாம் சர்க்கார் தடை செய்யவேண்டுமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்கவேண்டாம். கதைக்குக் கத்திரிக்கோல் போடுவதை நாம் ஒப்பவில்லை. "ஒரே ஒரு கிராமத்திலே" என்ற படம் ஜாதிவாரி இட ஒதுக்கீட்டைத் தாக்கி எடுக்கப்பட்டது. அதன் கருத்து நமக்கு முழு விரோதம். சென்னை ஹைக்கோர்ட்டு அதன் சர்டிபிகேட்டை ரத்து செய்தது. 1989 மார்ச்சு 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகவும் கலகம் வருமென்ற மிரட்டலுக்காகவும் படத்தை நிறுத்தக்கூடாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்பு சரி என்றே நாம் சொல்லுவோம். நமக்குப் பிடிக்காததற்கு இன்று பூட்டுப் போடச் சொன்னால், நாளை அதே பூட்டு நமது வாய்க்கும் வரும். கதைக்குப் பதில் வாயால்தான் சொல்லவேண்டும்.

ஆனால் வியாபாரம் வேறு, கதை வேறு. யந்திரத் தகடு வாங்கினால் கடன் தீரும், ராசிக்கல் போட்டால் பிள்ளை பிறக்கும் என்று பெட்டியில் விற்பது கதையல்ல, வியாபாரம். 1994-ஆம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகளில் 6-ஆவது விதி, மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாதென்றும் பெண்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சி கூடாதென்றும் சொல்லுகின்றது. 7-ஆவது விதி, சரக்குக்கு அற்புத சக்தி இருப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்கின்றது. 2021 ஜனவரியில் பம்பாய் ஹைக்கோர்ட்டின் ஔரங்காபாத் பெஞ்சு, அனுமான் யந்திரம் போன்றவற்றை டி.வி.யில் விளம்பரம் செய்வது மகாராஷ்டிரத்தின் 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூனில் திருத்திய விதிகளின்படி, பார்க்கிறவர் எவரும் சானலுக்கே புகார் எழுதலாம். அவர்கள் 15 நாளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் அதற்குமேல் முறையிட ஸ்தாபனம் இருக்கின்றது. இந்த வழியை நம்மில் எத்தனை பேர் உபயோகித்தோம்? சட்டம் புஸ்தகத்தில் தூங்கினால் குற்றம் சட்டத்தினுடையதா, தட்டி எழுப்பாதவனுடையதா?

இப்பொழுது ஏலத் தோட்டத்துத் தாயின் கேள்விக்கு வருகின்றோம். "எங்களுக்கு எந்த மேடை இருக்கு?" என்று அவர் கேட்டது நியாயம். நாம் வருஷக்கணக்காய்ப் பெண் விடுதலை பேசுகின்றோம். ஆனால் நமது படிப்பகத்தில் பெண்மக்கள் வந்து உட்கார ஒரு பாய் விரித்தோமா? கூட்டத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டோம். பெட்டிக்காரன் காசுக்காகவாவது அவள் ஓய்ந்து உட்காரும் நேரம் எதுவென்று கண்டுபிடித்தான். கொள்கைக்காக நாம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆதலால் கூட்டத்துக்கு ஆள் குறைந்ததற்குப் பெட்டியை மட்டும் பழிப்பது யோக்கியமாகாது.

ஆகவே நாம் ஒரு காரியம் செய்வதாகத் தீர்மானித்திருக்கிறோம். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு நமது படிப்பகத்தில், அந்த வாரம் பார்த்த நாடகத்தையும் படத்தையும் பற்றிப் பேச்சு நடக்கும். பெண்மக்கள்தான் முதலில் பேசுவார்கள். நாம் கேட்டுக்கொண்டிருப்போம், இடையில் பேசுகிற ஆண் தோழர்கள் காப்பி போட்டுக் கொடுக்கவேண்டும் என்பது விதி. பேசினதில் சாரமானதை இப்பத்திரிகையில் போடுவோம். புகார் எழுதவேண்டியதைச் சானலுக்கு எழுதுவோம். நல்லதைக் காட்டினால் மெச்சியும் எழுதுவோம். வைவதற்கு மட்டும் கடிதம் போடுகிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். உத்தமபாளையம், கம்பம், போடி, தேனித் தோழர்களும் அவரவர் ஊரில் இப்படியே செய்ய வேண்டுகின்றோம்.

பெட்டியை உடைக்கவேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அது பேசும்போது நாமும் திருப்பிப் பேசவேண்டும். அந்தத் தாய்க்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம். முதல் ஞாயிறு அவர்தான் பேசப்போகிறார்.